கிராமத்தில் பிறந்தவர்கள் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது எப்படி?

கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது, பிள்ளையின் வெளிநாட்டு விசாவுக்காகக் காகிதங்களை அடுக்கும்போது, சொத்து வழக்கில் வாரிசு யார் என்று நிரூபிக்கும்போது பலருக்கு முதல் தடவையாக இந்தக் கேள்வி வருகிறது: என் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கிறது? நகரத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவருக்குப் பெரும்பாலும் மாநகராட்சி அலுவலகத்தோடு வேலை முடிந்துவிடும். கிராமத்து வீட்டில், மருத்துவச்சி கையில் பிறந்தவருக்குத்தான் அலைச்சல். இந்தக் கட்டுரை தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிறந்தவர்களுக்காகவும், அவர்களுக்காக அலையும் பிள்ளைகளுக்காகவும் எழுதப்பட்டது.

அலைச்சலில் பெரும்பகுதி தவறான ஊரில், தவறான வருடத்தில், தவறான பெயரைச் சொல்லித் தேடுவதால் வருவது. அதனால் எந்த அலுவலகத்துக்கும் போகும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய விசாரணைக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அதைச் சரியாகச் செய்தவருக்கு மற்ற வேலை பாதியாகக் குறையும்.

முதலில், சான்றிதழ் உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள்

பாஸ்போர்ட்டுக்காக என்றால் பலருக்குத் தேவையே இல்லை. 2025 பிப்ரவரியில் திருத்தப்பட்ட பாஸ்போர்ட் விதிகளின்படி, 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குத்தான் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பிறந்த தேதிக்கு ஆதாரம். அதற்கு முன் பிறந்தவர்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றில் ஒன்றைக் காட்டலாம். ஆதார் அட்டையைப் பிறந்த தேதிக்கான ஆதாரமாக மட்டும் நம்பிப் போகாதீர்கள். அது அடையாளத்துக்கானது என்று ஆதார் ஆணையமே தெளிவுபடுத்தியிருக்கிறது.

அமெரிக்கக் குடியேற்றத்துக்கு என்றால் 1970 ஏப்ரல் 1 என்ற தேதியை நினைவில் வையுங்கள். அதற்கு முன் இந்தியாவில் பிறப்பைப் பதிவது கட்டாயமாக இருக்கவில்லை என்பதை அந்நாட்டு வெளியுறவுத் துறை ஏற்றுக்கொள்கிறது. அப்படிப் பிறந்தவர்கள், பதிவு இல்லை என்ற சான்றோடு பள்ளி ஆவணமும், பிறப்பை நேரில் அறிந்த உறவினரின் உறுதிமொழிப் பத்திரமும் கொடுக்கலாம். உங்கள் அம்மாவோ அப்பாவோ அந்த வயதுக்காரர் என்றால், ஊரில் உள்ள பெரியவர்களிடம் அந்த உறுதிமொழியை இப்போதே வாங்கி வையுங்கள். பிறந்ததைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

எந்த ஊர்?

குழந்தை எங்கே பிறந்ததோ அந்த இடத்துக்குரிய பதிவேட்டில்தான் பதிவு இருக்கும். அப்பாவின் சொந்த ஊர், ரேஷன் கார்டில் உள்ள ஊர், நீங்கள் வளர்ந்த ஊர் எதுவும் கணக்கில் வராது. நம் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடித்து அழைத்துப் போய்விடுவார்கள். எனவே வீட்டில் மூத்த பிள்ளை நீங்கள் என்றால், அப்பா ஊரில் தேடுவதை விட்டுவிட்டு அம்மாச்சி ஊரில் தொடங்குங்கள். இரண்டாவது, மூன்றாவது பிள்ளை என்றால் இரண்டு ஊரையும் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து, அந்த ஊர் எந்த வருவாய் கிராமத்தில் சேர்ந்தது என்று பாருங்கள். நாம் ஊர் என்று சொல்வது பல நேரம் ஒரு குக்கிராமம். பதிவேடோ வருவாய் கிராமத்தின் பெயரில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் பட்டாவையோ சிட்டாவையோ வாங்கிப் பார்த்தால் வருவாய் கிராமத்தின் பெயர் அதில் அச்சாகியிருக்கும். அரசின் நில ஆவண இணையதளத்திலும் மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்.

மாவட்டமும் மாறியிருக்கும். 1980-இல் தேனியில் பிறந்தவர் அன்றைக்கு மதுரை மாவட்டத்துக்காரர். தென்காசிக்காரருக்கு 2019 வரை மாவட்டம் திருநெல்வேலி. மயிலாடுதுறைக்காரருக்கு முதலில் தஞ்சாவூர், 1991-க்குப் பிறகு நாகப்பட்டினம், 2020-லிருந்துதான் மயிலாடுதுறை. சான்றிதழில் பழைய மாவட்டப் பெயர் இருந்தால் அது பிழையில்லை, திருத்தப் போகாதீர்கள். கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டைப் பகுதியும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை என்பதும் நினைவிருக்கட்டும். அம்மாவின் ஊர் காரைக்கால் பக்கம் என்றால், போக வேண்டியது புதுச்சேரி அரசின் அலுவலகத்துக்கு.

இலங்கைத் தோட்டங்களில் பிறந்து 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் திரும்பிய குடும்பங்களில், பிள்ளைகள் பெற்றோரின் பூர்வீக ஊரில் பதிவைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே கிடைக்காது. அவர்கள் பிறப்பு இலங்கையில், தோட்டம் இருந்த பகுதியின் பதிவாளரிடம் பதிவாகியிருக்கும்.

என்றைக்கு?

பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியை அப்படியே நம்பாதீர்கள். ஒரு தலைமுறைக்கு முன்பு கிராமத்துப் பள்ளியில் சேர்க்கும்போது, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. வாத்தியார் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். அந்த வயதுக்காரர்களில் பலருடைய பிறந்த நாள் மே, ஜூன் மாதங்களில் இருப்பதற்கு அதுதான் காரணம். உண்மையான தேதி ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடம்கூடத் தள்ளியிருக்கும்.

வீட்டில் ஜாதகம் இருந்தால் அதுதான் முதல் ஆதாரம். அதைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். தமிழ் வருடம் ஏப்ரல் நடுவில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில வருடத்தில் விழும். கீலக வருடம் என்று எழுதியிருந்தால் 1968 என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் கீலக வருடத்துத் தை மாதம் 1969 ஜனவரி, பிப்ரவரி. இதைக் கவனிக்காமல் 1968 பதிவேட்டைப் புரட்டினால் எதுவும் அகப்படாது. இன்னொன்று, ஜாதகத்தில் நாள் சூரிய உதயத்திலிருந்து கணக்கு. விடியற்காலை 3 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஜாதகத்தில் முந்தைய நாளின் தமிழ்த் தேதியும் கிழமையும் இருக்கலாம். பதிவேட்டில் ஆங்கிலத் தேதி ஒரு நாள் பிந்தியிருக்கும்.

ஜாதகம் இல்லையா? பாட்டியிடம், அத்தையிடம், பெரியம்மாவிடம் உட்காருங்கள். “எந்த வருஷம்?” என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டிய விதம் வேறு. “மழைக்காலமா, வெயில் காலமா? அப்போ வயலில் நாற்று நட்டாச்சா, அறுப்பா? தீபாவளிக்கு முன்னாடியா பின்னாடியா? அப்போ யாருக்குக் கல்யாணம் நடந்தது? இடுப்பில் யார் இருந்தார்கள்?” இப்படிக் கேட்டால் பதில் கொட்டும். பெரிய நிகழ்ச்சிகளும் உதவும். தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3. காமராஜர் இறந்தது 1975 அக்டோபர் 2. திருச்சி வெள்ளமும் நாகப்பட்டினப் புயலும் 1977 நவம்பர். இந்திரா காந்தி சுடப்பட்டது 1984 அக்டோபர் 31. “இந்திரா காந்தி செத்த அன்னைக்கு உன்னைத் தொட்டிலில் போட்டிருந்தோம்” என்று ஒரு பாட்டி சொன்னால், தேட வேண்டிய காலம் சில வாரங்களாகச் சுருங்கிவிடும்.

இது வெறும் ஆர்வத்துக்காகச் செய்வதில்லை. பதிவேட்டில் தேடுவதற்கு வருடக் கணக்கில் கட்டணம் உண்டு. அதைவிட முக்கியம், ஐந்து வருடப் பதிவேட்டைப் புரட்டச் சொன்னால் எந்த அலுவலருக்கும் தயக்கம் வரும். இரண்டு மாதத்தைக் குறிப்பிட்டுக் கேட்டால் உங்கள் கண் முன்னாலேயே எடுத்துப் பார்ப்பார்கள்.

பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்காது

புதிதாகத் தேடுகிறவர்கள் பலர் சறுக்கும் இடம் இதுதான். தன் பெயரைச் சொல்லித் தேடச் சொல்வார்கள், “இல்லை” என்று பதில் வரும், திரும்பிவிடுவார்கள். பிறந்த சில நாளிலேயே கிராம அலுவலரிடம் சொல்லிவிடுவார்கள். பெயர் வைப்பது பிறகு. வீட்டில் கூப்பிட்டது ஒன்று, பள்ளியில் போட்டது ஒன்று என்று பெயர் நிலைக்கவே வருடமாகும். அதனால் பழைய பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகவே இருக்கும்.

என் அத்தை மகளுக்காக அப்படி ஒரு பதிவேட்டைப் பார்த்தேன். மடித்த இடம் நைந்துபோன நீளமான பக்கம். வரிசை எண், பிறந்த தேதி, “பெண்” என்ற ஒரு சொல், தகப்பனார் பெயர், தாயார் பெயர், இருப்பிடம், தகவல் கொடுத்தவர். கடைசிக் கட்டத்தில் மங்கிப்போன ஒரு கைநாட்டு. அது அவளுடைய தாத்தாவுடையது. தகப்பனார் பெயர் என்ற இடத்தில் சின்னப்பன் என்று இருந்தது. எல்லா ஆவணத்திலும் அவர் பெயர் சின்னசாமி. ஊரில் அழைத்த பெயரை அப்படியே எழுதியிருந்தார்கள். தாயார் பெயரும், வீடு இருந்த தெருவும் சரியாக இருந்ததால்தான் அது அவளுடைய பதிவு என்று உறுதி செய்ய முடிந்தது.

ஆகவே ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: அப்பாவின் முழுப்பெயர், அவரை ஊரில் அழைத்த பெயர், தாத்தா பெயர், அம்மாவின் பெயர், அம்மாவின் அப்பா பெயர், தெரு, ஆணா பெண்ணா, எத்தனையாவது பிள்ளை, உத்தேசமான மாதம். தாய் வீட்டில் நடந்த பிரசவம் என்றால் பல நேரம் தகவல் கொடுத்தவர் தாய்வழித் தாத்தாவோ மாமாவோதான். அவர்கள் பெயரும் தாளில் இருக்கட்டும்.

பதிவேடு யாரிடம் இருக்கும்?

1980 நவம்பர் வரை கிராமத்தில் பிறப்பு இறப்பைப் பதிந்தவர் கிராம முன்சீப். பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை ஒழிக்கப்பட்ட பிறகு அந்தப் பொறுப்பு கிராம நிர்வாக அலுவலருக்கு, அதாவது வி.ஏ.ஓ.வுக்கு வந்தது. ஆனால் பழைய புத்தகங்களைத் தேடி அவரிடம் போனால் இருக்காது. அவை தாலுகா அலுவலகம் வழியாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பத்திரம் பதிகிற அதே அலுவலகம்தான். சில இடங்களில் தாலுகா அலுவலகப் பதிவறையிலேயே தங்கியிருக்கும். முதலில் சார்பதிவாளர் அலுவலகம், அங்கே இல்லையென்றால் தாலுகா அலுவலகம் என்று போங்கள்.

வி.ஏ.ஓ.வை ஒரு முறை பார்ப்பதும் நல்லது. அவர் மாற்றலாகி வந்தவராக இருக்கலாம். கிராம உதவியாளர், நாம் தலையாரி என்று சொல்கிறவர், பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஆள். எந்தப் புத்தகம் எந்த அலுவலகத்துக்குப் போனது என்று அவருக்குத்தான் தெரியும்.

ஊர் அந்தக் காலத்திலேயே பேரூராட்சி அல்லது நகராட்சி என்றால் பதிவும் அந்த அலுவலகத்தில் இருக்கும். அரசு ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால், ஆஸ்பத்திரி எந்த ஊர் எல்லையில் இருந்ததோ அந்த ஊர்ப் பதிவேட்டைப் பாருங்கள். 2018-க்குப் பிறகு பிறந்தவர்கள் என்றால் வேலை எளிது. மாநிலம் முழுவதற்குமான சி.ஆர்.எஸ். என்ற பிறப்பு இறப்புப் பதிவு இணையதளத்தில் இருந்தே சான்றிதழைப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தில் நீண்ட கதை வேண்டாம். பிறந்த தேதி அல்லது தேட வேண்டிய காலம், பிறந்த இடம், பெற்றோர் பெயர், எத்தனை நகல் வேண்டும், இவ்வளவு போதும். பதிவேட்டைத் தேடச் சொல்லி நகல் கேட்கும் உரிமையைச் சட்டம் யாருக்கும் தருகிறது. எனவே பேரன் பேத்தி போய்த் தாத்தாவின் பதிவைக் கேட்பதில் தவறில்லை. கட்டணத்துக்கு ரசீது வாங்குங்கள். பதிவு கிடைத்தால் பதிவு எண்ணையும் பதிவு செய்த தேதியையும் தனியாகக் குறித்து வையுங்கள். சான்றிதழ் தொலைந்தாலும் அந்த இரண்டும் இருந்தால் மறுபடி தேட வேண்டியதில்லை.

பதில் வராமல் இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், குறிப்பிட்ட வருடத்தின் குறிப்பிட்ட கிராமத்துப் பதிவேடு எந்த அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளது என்று கேளுங்கள். 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். என் அனுபவத்தில், எழுத்தில் கேட்ட பிறகு புத்தகம் தேடப்படும் வேகமே வேறு.

பதிவே இல்லை என்றால்

உங்கள் பிறப்பைப் பதியாமலே விட்டிருக்கலாம். அது அந்தக் காலத்தில் சாதாரணம். அப்போது அந்த அலுவலகத்திலேயே, இந்தக் காலத்துப் பதிவேட்டில் இப்படி ஒரு பதிவு இல்லை என்று படிவம் 10-இல் சான்று வாங்குங்கள். “இல்லை” என்று வாயால் சொன்னதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். அடுத்த படி எதுவும் இந்தக் காகிதம் இல்லாமல் நடக்காது.

அப்புறம் காலங்கடந்த பதிவு. பிறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறப்பைப் பதிய முன்பு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. பழைய குறிப்புகளில் இன்னும் அப்படித்தான் இருக்கும். தமிழ்நாட்டில் இப்போது வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ., ஆணை பிறப்பிக்கிறார். பிறந்த ஊர் எந்தக் கோட்டத்தில் உள்ளதோ அங்கேதான் மனு. இணைக்க வேண்டியவை: படிவம் 10 சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பெற்றோரின் அடையாள ஆவணங்கள், பெற்றோர் இல்லையென்றால் இறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை போல அந்தக் காலத்துக் காகிதம் ஏதாவது இருந்தால் அது. மனு தாசில்தார் வழியாக வி.ஏ.ஓ.விடம் விசாரணைக்கு வரும். ஊரில் சாட்சி சொல்பவர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஆணை வந்ததும் பதிவாளரிடம் கொடுத்து, தாமதக் கட்டணம் கட்டிப் பதிய வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மனுவில் எழுதும் தேதியைப் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகச் செய்யலாமா, உண்மைத் தேதியைப் போடலாமா என்று பலர் தடுமாறுவார்கள். உறுதிமொழி கொடுத்துச் சொல்லும் தேதி அது. கையில் உள்ள ஆதாரம் எதைக் காட்டுகிறதோ அதைத்தான் எழுத வேண்டும். வேலை, பாஸ்போர்ட், ஓய்வூதியம் எல்லாம் பள்ளித் தேதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது வேறு தேதியில் சான்றிதழ் வாங்கினால் அதன் விளைவும் வரும். மனுப் போடும் முன் ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

“நேரில் வரவே வேண்டாம், இரண்டு நாளில் கையில் தருகிறேன்” என்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். அரசு இணையதளம் போலவே தோற்றமுள்ள போலித் தளங்கள் இருக்கின்றன. அவர்கள் தரும் காகிதம் பதிவேட்டில் இல்லாத பதிவுக்கானது. தூதரகம் சரிபார்க்கும் அன்று, அதைக் கொடுத்த நீங்கள்தான் மோசடி செய்தவராக நிற்பீர்கள்.

பெயரும் பிழையும்

பதிவு இருக்கிறது, பெயர் மட்டும் இல்லை என்றால் பெயரைச் சேர்க்கலாம். பதிந்து ஒரு வருடம் வரை கட்டணம் இல்லை. அதன் பிறகு 15 வருடம் வரை கட்டணத்தோடு. அதையும் தாண்டியவர்களுக்கு அரசு அவ்வப்போது சலுகைக் காலம் அறிவிக்கும். அது நடப்பில் இருக்கிறதா என்று பதிவாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் பெயரில்லாத சான்றிதழோடு பள்ளி ஆவணத்தையும், இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தையும் சேர்த்துக் கொடுப்பதுதான் வழக்கம்.

பிழை திருத்தத்துக்கும் சட்டத்தில் இடமுண்டு. பழைய எழுத்தை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தத்தை எழுதிக் கையெழுத்திட்டுத் தேதி போடுவார்கள். சின்னப்பன் சின்னசாமி ஆக வேண்டும் என்றால், இருவரும் ஒருவரே என்று காட்டும் பழைய ஆவணங்களை முதலில் சேகரியுங்கள். நிலப் பத்திரம், பழைய வாக்காளர் பட்டியல், கூட்டுறவுச் சங்கப் பாஸ்புக் எதுவும் உதவும்.

தாத்தா பாட்டி காலத்துக்குப் போகிறவர்கள்

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899-லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் சுதந்திரத்துக்கு முந்தைய பதிவுகளும் சில அலுவலகங்களில் கிடைக்கின்றன. கறையானுக்கும் மழைக்கும் தப்பியவை மட்டும்தான். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். பல ஊர்களில் அரசுப் பதிவேட்டைவிட அது பழையது. குழந்தையின் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் அதில் இருக்கும். மற்றவர்களுக்கு ஊர்த் தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடுதான் அடுத்த வழி. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேட்டால், சேர்ந்த தேதி, பிறந்த தேதி, தகப்பனார் பெயர் ஆகியவற்றோடு சான்று தருவார்.

பழைய பக்கங்களைத் தொடும்போது மெதுவாகத் திருப்புங்கள். அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். உங்கள் பதிவு உள்ள பக்கத்தில் மற்ற குடும்பங்களின் விவரமும் இருக்கும். அதை இணையத்தில் போடாதீர்கள்.

இப்போது பிறக்கும் குழந்தைக்கு

21 நாளுக்குள் பதிவு. ஆஸ்பத்திரியில் பிறந்தால் தகவல் தருவது அவர்கள் பொறுப்பு. பெற்றோர் பெயரின் எழுத்தையும் இனிஷியலையும் ஆதாரில் உள்ளபடி எழுதிக் கொடுத்து, அச்சாகும் முன் ஒரு முறை படித்துப் பாருங்கள். முதல் சான்றிதழ் இலவசம், பதிந்த ஏழு நாளுக்குள் தர வேண்டும். பெயரை முடிவு செய்ததும் உடனே போய்ப் பதிவில் சேர்த்துவிடுங்கள். பள்ளியில் சேர்க்கும் வரை தள்ளிப்போடாதீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் உள்ள ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்து இத்தனையையும் செய்யலாம். ஆர்.டி.ஓ. விசாரணைக்கு மட்டும் நேரில் வரச் சொன்னால் வர வேண்டியிருக்கும். சான்றிதழை அந்நாட்டில் கொடுக்க அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று, கேட்டால், முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை என்ற வரிசையில் நடக்கும். கையெழுத்து மங்கிய பழைய நகலுக்கு முத்திரை கிடைப்பது சிரமம். அதனால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே புதிதாக இரண்டு மூன்று நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.